அவன் சொன்னது குண்டுமல்லியை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகங்களுக்குக் கடிவாளம் வேண்டும் என்ற உங்கள் தலையங்கம் படித்தேன். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அரிவாளோடு நின்று, பின்னணியில் சாதிப் பாட்டை ஓடவிட்டு ஸ்டேட்டஸ் வைக்கும் பையன்களை நம் பக்கத்தில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அவர்கள் மேல் தாராளமாக வழக்குப் போடட்டும்.

என் அக்கா மகன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகிறவன். வரத்து கூடி விலை இறங்கப்போகிறது என்பதை, "நாளைக்கு மாட்டுத்தாவணியில குண்டு விழும், உஷாரா இருங்க" என்று ஸ்டேட்டஸ் வைத்தான். அவன் சொன்னது குண்டுமல்லியை. யாரோ ஒரு புண்ணியவான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார். பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு. கூப்பிட்டு விசாரித்ததில் எனக்குக் குறையில்லை. விசாரித்த ஏட்டையாவே சிரித்துவிட்டாராம். ஆனால், போலீஸ் வாங்கிப் பழுப்புக் கவரில் போட்டு வைத்த போன் கைக்கு வர 23 நாள் ஆனது. பூ விலை வருவதும் அதில்தான், ஜிபே இருப்பதும் அதில்தான். இப்போது அவன் வாயில் 'குண்டு' என்ற சொல்லே வருவதில்லை, வெறும் 'மல்லி'தான்.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. குடும்பத்தோடு சிறுமலைக்குப் போன ஒருவர், 'துப்பாக்கிப் பயிற்சிக்காக'ப் போவதாக முகநூலில் வேடிக்கையாக எழுதினார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்க்கும் பிரிவு உட்பட வழக்குப் பாய்ந்தது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்ததைப் பலரும் பாராட்டினார்கள். எனக்கென்னவோ, அதற்கு முன்பே ரிமாண்ட் செய்ய மறுத்த வாடிப்பட்டி மாஜிஸ்திரேட்தான் பெரியவராகத் தெரிகிறார். அன்று அவர் தலையாட்டியிருந்தால் மனிதர் உள்ளே போயிருப்பார்.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173(3) பிரிவின்படி, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முகாந்திரம் உண்டா என்று வழக்குப் பதியும் முன்பே பார்க்கலாம். பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் அப்படிச் செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சிக்கல் எங்கே என்றால், பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தில், நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்கிற 152-ஆம் பிரிவுக்கு ஆயுள் வரை தண்டனை உண்டு. அதற்கு இந்த 14 நாள் பொருந்தாது. எஃப்ஐஆரில் அந்த எண்ணைச் சேர்த்தால் போதும், கதவு சாத்திக்கொள்ளும்.

அதனால் 152 போடுவதற்கு முன், எஸ்பி அந்தஸ்தில் ஒருவர் பதிவை முழுசாகப் படித்து, கூட இருக்கும் படத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம், போனை வாங்கி வைத்தால் ஒரு ரசீதும், எந்தத் தேதியில் திருப்பித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்.