அண்ணாவுக்கு, 103ஆவது நிமிடம் பற்றி

அன்புள்ள அண்ணா,

இன்று 2023 டிசம்பர் 10. ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. எதற்கு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

உன் எண்ணுக்கு எழுதினால் இரண்டு கோடுகள் நீலமாகின்றன, பதில் வருவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நீ இங்கே வந்து படிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். போன ஆண்டு நான் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் 1982 இறுதிப் போட்டியைப் பற்றி எழுதியபோது, டியூக் அணிக்கு எதிராக ஏழு கூடுதல் நேரப் பகுதிகள் ஆடினார்கள் என்று தவறாகப் போட்டுவிட்டேன். மறுநாள் பெயரில்லாத முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "ஏழு அல்ல, எட்டு." அவ்வளவுதான். இண்டியானா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பழைய கணக்கைத் தமிழில் திருத்துவதற்கு இந்த உலகத்தில் இன்னொருவர் இருக்கிறாரா என்ன? கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே வந்து, ஏழை எட்டாக மாற்றினேன்.

சித்தி இதைப் படிப்பார். பெரியப்பா வீட்டிலும் படிப்பார்கள். ஆகவே சிலவற்றைத் தொடப்போவதில்லை. உன் ஆராய்ச்சி ஏன் பாதியில் நின்றது என்பது அவற்றில் ஒன்று. அதில் யார்மீதும் குற்றம் இல்லை. ஊரில் உலவும் கதை உண்மை இல்லை. இதற்கு மேல் எவரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது 2017 இறுதிப் போட்டியின்போது செஸ்டர் மைதானத்தில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்பைப் பற்றி.

முதல் நாள் பனி கொட்டியிருந்தது. உன் பல்கலைக்கழகம் இருந்த புளூமிங்டனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீ ஒருவனே வண்டியை ஓட்டி வந்தாய். என்னை ஸ்டியரிங்கைத் தொடவிடவில்லை. டெலவேர் ஆற்றங்கரை, தலைக்கு மேல் அந்தப் பெரிய பாலம், ஆற்றிலிருந்து வந்த காற்று. உன் கையுறையில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, மற்றக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாய். அந்தப் பருவத்தில் இண்டியானா அதுவரை ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. எதிரே ஸ்டான்ஃபோர்ட், தொடர்ந்து மூன்றாவது கோப்பைக்காக. 90 நிமிடங்களில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் முதல் பத்து நிமிடங்களிலும் இல்லை. அந்த இடைவெளியில்தான் என் பையில் கைபேசி அதிர்ந்தது. அப்பா. இந்தியாவில் நள்ளிரவு தாண்டியிருந்தது.

இருக்கைகளுக்குப் பின்னால், தின்பண்டம் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பேசினேன். அதற்கு முந்தைய மூன்று இரவுகளும் அவர் அழைத்திருந்தார். மூன்று இரவுகளும் நான் மழுப்பியிருந்தேன். அன்று அவர் சுற்றி வளைக்கவில்லை. "அவன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறானா இல்லையா? அதை மட்டும் சொல்" என்றார். குரல் எப்படி இருந்தது என்றால், கரும்பலகையின் முன் நின்று விடை வராமல் தவிக்கும் பையனின் குரல் மாதிரி இருந்தது. நாற்பது ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்த மனிதர். நான் சொன்னேன்: "ஆகஸ்டிலிருந்து போகவில்லை அப்பா."

இந்த வாக்கியத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அது உண்மை. அவருக்குத் தெரிந்தாக வேண்டிய உண்மை. மாதாமாதம் அவர் எதை விற்று, யாரிடம் வாங்கி அனுப்பினார் என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அதையும் இங்கே எழுதமாட்டேன்.

ஆனால் அதோடு நான் நிறுத்தவில்லை. இன்னொரு வாக்கியம் சொன்னேன். "பந்து மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான்."

அண்ணா, அதை ஏன் சொன்னேன் என்று ஆறு ஆண்டுகளாக யோசிக்கிறேன். குளிரா, கோபமா, நான் மட்டும் பொய் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்த களைப்பா? எல்லாமும்தான். ஆனால் அது பொய். ஆகஸ்டில் நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். ஆகஸ்டில்தான் இண்டியானா அணியின் பருவமும் தொடங்கியது. போட்டி உள்ள நாளில் மட்டும் குளித்தாய், சவரம் செய்தாய், அவர்களுடைய ஆம்ஸ்ட்ராங் மைதானம் வரை நடந்தாய், திரும்பும்போது கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டாய். அந்த அணி உன் படிப்பைக் கெடுக்கவில்லை. உன்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அது ஒன்றுதான். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்தவளே அப்பாவிடம் தலைகீழாகச் சொன்னேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரிய சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்துச் சத்தம் என்று தெரியவில்லை. ஓடிவந்து பார்த்தபோது ஸ்டான்ஃபோர்ட் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் கடிகாரம் இறங்குமுகமாக ஓடும் அல்லவா. அது ஏழு நிமிடச் சொச்சத்தில் அப்படியே நின்றுபோயிருந்தது. 103ஆவது நிமிடம். அந்நாள் விதிப்படி கூடுதல் நேரத்தில் ஒரு கோல் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மிச்சமிருந்த ஏழு நிமிடங்களை யாரும் ஆட முடியாது.

நீ எழுந்திருக்கவில்லை. "யார்?" என்று கேட்டாய். "தோழி" என்றேன்.

திரும்பும் வழியில் பென்சில்வேனியா முழுக்க நான் அழுதுகொண்டே வந்தேன். ஆட்டம் தோற்றதற்காக அழுகிறேன் என்று நீ நினைத்தாய். என்னைத் தேற்ற ஆரம்பித்தாய். 1980இல் சான்ஃபிரான்சிஸ்கோவிடம் கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்றவர்கள்தான் இரண்டே ஆண்டுகளில் முதல் கோப்பையை எடுத்தார்கள் என்றாய். பயிற்சியாளர் ஜெர்ரி யேக்லி 1963இல் வந்து, பத்து ஆண்டுகள் வெறும் மாணவர் மன்றமாக வைத்துக்கொண்டு போராடி, 1973இல்தான் அதைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாக்கினார் என்றாய். அதே 1973இல்தான் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி தன் பத்தாவது கோப்பையை வென்றது, அதன் பிறகு அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை, ஒரு விளக்கை அணைத்து இன்னொன்றை ஏற்றியது போல என்றாய். ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, மறு கையால் எனக்குத் துடைப்பதற்குக் காகிதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தாய். ஒஹையோ எல்லையில் நிறுத்தி எனக்குச் சூடான பால் வாங்கித் தந்தாய். நான் குடித்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குடித்தேன்.

பிறகு அப்பா உன்னிடம் சொன்ன வார்த்தை அவருடையது அல்ல. என்னிடமிருந்து போனது. அவர் அதில் இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம். அந்தச் சேர்த்தது அவர் பொறுப்பு. மூலம் நான். இத்தனை நாள் நீ அவரிடம் மட்டும் கோபமாக இருந்தாய். என்னிடம் பேசாமல் இருந்தது நான் அவர் பக்கம் இருக்கிறேன் என்பதற்காக. இப்போது உனக்குச் சரியான காரணம் கிடைத்துவிட்டது.

மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அழித்தேன். மறுபடி எழுதுகிறேன். மன்னித்துவிடு.

ஆனால் 2021 மே மாதத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? தொற்றுக் காலம் என்பதால் 2020 பருவத்தையே தள்ளிவைத்து, மே 17 அன்று வட கரோலினாவின் கேரியில் இறுதிப் போட்டி நடத்தினார்கள். இங்கே 18ஆம் தேதி காலை. அப்பா ஆக்சிஜனில் இருந்தார். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. பதினொரு செய்திகள் உனக்கு அனுப்பினேன். பதினொன்றும் நீலமாயின. மார்ஷல் அணி 98ஆவது நிமிடத்தில் கோல் அடித்து ஆட்டத்தை முடித்ததை நீ உட்கார்ந்து பார்த்திருப்பாய். பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்த மருத்துவமனை வாசலில் நின்றபடி அதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எங்கோ அதே திரையைப் பார்க்கிறாய் என்ற ஒரே காரணத்துக்காகப் பார்த்தேன். ஒரு வரி எழுதியிருக்கலாம். "எப்படி இருக்கிறார்?" இரண்டே சொற்கள். 1982க்குத் திருத்தம் அனுப்ப உனக்கு நேரம் கிடைக்கிறது.

இதை அழிக்கப்போவதில்லை.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மாலை கஞ்சி குடித்துக்கொண்டே, "அவன் பார்ப்பானே, அந்த அணி, இப்போது எப்படி ஆடுகிறது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். இப்போது அவருக்கு உன் அளவுக்கு இல்லாவிட்டாலும் என் அளவுக்குத் தெரியும். எட்டுக் கோப்பைகளின் ஆண்டுகளையும் வரிசையாகச் சொல்வார்: 82, 83, 88, 98, 99, 2003, 2004, 2012. "தோற்ற இறுதிப் போட்டிகள்?" என்று கேட்டு அதையும் எழுதச் சொன்னார். 76, 78, 80, 84, 94, 2001, 2017, 2020. கூட்டிப் பார்த்து, "சமமாக இருக்கிறது" என்றார். 1978இல் வென்ற சான்ஃபிரான்சிஸ்கோவிடமிருந்து பட்டத்தைப் பின்னர் பறித்துவிட்டார்கள், ஆனால் அதை இண்டியானாவுக்குக் கொடுக்கவில்லை என்று சொன்னபோது அவருக்குப் பொறுக்கவில்லை. "அப்படியானால் அந்த ஆண்டு யாருக்கும் இல்லையா? கணக்கு எப்படி நேராகும்?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன ஆண்டு சிரகியூஸுடன் நடந்த இறுதிப் போட்டி இங்கே 13ஆம் தேதி விடிகாலையில் நடந்தது. படம் வரவில்லை, எழுத்தில் வரி வரியாக வந்த விவரத்தை நான் படிக்க, அவர் கேட்டார். இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறையும் சமன் செய்தார்கள். கூடுதல் நேரம் தொடங்கியதும், இப்போது விதி மாறிவிட்டது, கோல் விழுந்தாலும் முழு நேரத்தையும் ஆடித்தான் ஆக வேண்டும் என்றேன். "நல்ல விதி" என்றார். பெனால்டி தொடங்கியதும் எழுந்து நின்றுவிட்டார். மருத்துவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 7-6 என்று முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து, "அவன் தனியாகப் பார்த்திருப்பானோ?" என்றார். தன் பட்டியலில் 2022ஐ எழுதிக்கொண்டார். தோற்றவை ஒன்று கூடிவிட்டது.

அவருக்கு மிகவும் பிடித்தது கோப்பைகள் அல்ல. 1987 முதல் ஓர் ஆண்டுகூட விடாமல் இந்த அணி தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறது என்ற செய்திதான். நவம்பர் நடுவில் 48 அணிகளின் பட்டியல் வரும்போது, "நுழைந்துவிட்டார்களா?" என்று கேட்பார். ஆமாம் என்று நான் சொன்ன பிறகுதான் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுப்பார். இந்த நவம்பரிலும் கேட்டார். இம்மாதத் தொடக்கத்தில் நோட்டர் டேமிடம் பெனால்டியில் தோற்று வெளியேறியதைச் சொன்னபோது, ஒன்றும் பேசாமல் தலையாட்டினார்.

நீ ஒரு முறை கேட்டாய்: ஆம்ஸ்ட்ராங் மைதானத்தின் புல்லுக்கு ஜெர்ரி யேக்லியின் பெயர், அதன் விளிம்பில் பயிற்சியாளராக நிற்பது அவருடைய மகன் டாட். அப்பாவின் பெயர்மேல் நின்றுகொண்டு ஒருவன் எப்படி வேலை செய்ய முடியும் என்று. ஜெர்ரி 544 வெற்றிகளோடு ஓய்வு பெற்றவர். மகன் 2012இல் ஒரு கோப்பை வென்றுவிட்டு, மூன்று இறுதிப் போட்டிகளைத் தோற்றவர். அதையும் நம் அப்பாவிடம் சொன்னேன். "மகன் தோற்ற நாட்களில் அந்தப் பெரியவர் என்ன சொன்னாராம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வெகுநேரம் கழித்து, "ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்" என்றார்.

இதற்கு என்ன பொருள் என்று நான் உனக்கு விளக்கப்போவதில்லை. இத்தனை ஆண்டுகளாக விளக்கிக்கொண்டுதான் இருந்தேன். அவர் சொன்னதை மென்மையாக்கி உனக்கு அனுப்பினேன், நீ சொல்லாததை இட்டுக்கட்டி அவரிடம் சொன்னேன். "அண்ணன் விசாரித்தான்" என்று பல முறை பொய் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நேற்று அந்த வேலையை விட்டுவிட்டேன். அண்ணன் விசாரிக்கவில்லை, எனக்கும் ஆறு ஆண்டுகளாக எழுதவில்லை, செஸ்டரில் நான் சொன்ன இரண்டாவது வாக்கியம் பொய் என்று மூன்றையும் ஒரே மூச்சில் அவரிடம் சொல்லிவிட்டேன். பட்டியல் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். இரவு சாப்பிட வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்: "அவனுக்கு அங்கே இப்போது மணி என்ன?"

நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்கே தெரியாது. தெரியாது என்றேன்.

அவருடைய எண் மாறவில்லை. வலது காது சரியாகக் கேட்பதில்லை. கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருக்கும். இரவு ஒன்பதரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டால் தூங்கிவிடுவார். அதற்கு முன் கூப்பிடு.

உன் தங்கை