ஊசி போட்ட அன்றே ஓடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகச் சுருக்கத்துக்குப் போடும் போட்டாக்ஸ் ஊசி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். மருந்து எப்படி வேலை செய்கிறது, எப்படிப்பட்டவரிடம் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி வருகிறது, ஊசி போட்டதும் வழக்கமான வேலைகளைச் செய்யலாம் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஏனென்றால் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை நம்பித்தான் போன வருடம் நான் கண்ணோரத்தில் ஒரு ரத்தக்கட்டோடு பத்து நாள் இருந்தேன்.

எனக்கு வயது 46. தினமும் காலையில் ஓடுவேன், வாரத்தில் மூன்று நாள் மாலையில் எடைப் பயிற்சி. பதினைந்து வருடப் பழக்கம். என்னைப் பொறுத்தவரை வழக்கமான வேலை என்றால் அதுவும் சேர்த்துத்தான். புருவத்துக்கு நடுவிலும் கண்ணோரங்களிலும் ஊசி போட்டார்கள், கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது, "எதையும் மாற்ற வேண்டாம், எல்லாம் வழக்கம்போல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் அங்கிருந்து நேராக ஜிம்முக்குப் போனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடையைத் தூக்கினேன், வியர்க்க வியர்க்கத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் இடது கண்ணோரம் லேசாக உப்பியிருந்தது, மறுநாள் காலையில் அது கருநீலமாகி இருந்தது. மருந்து நன்றாகவே வேலை செய்தது, அதில் குறையில்லை. ஆனால் அன்று மாலை ஒரே ஒரு வேளைப் பயிற்சியைத் தள்ளிப்போட்டிருந்தால் அந்தக் காயம் வராமலே போயிருக்கலாம், வந்தாலும் சின்னதாக இருந்திருக்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பது ரொம்ப எளிமையான விஷயம். ஊசி முனை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒன்றிரண்டில் படத்தான் செய்யும், கண்ணைச் சுற்றித் தோல் மெல்லியது என்பதால் அங்கே கசிந்தால் உடனே வெளியே தெரியும். அந்தச் சின்னத் துளைகள் அடைபட்டு ஆற ஆரம்பிக்கும் நேரத்தில் நாம் ஓடினால் இதயம் வேகமாக அடிக்கும், முகத்துக்கு ரத்த ஓட்டம் கூடும், மூச்சை அடக்கி எடை தூக்கும்போது தலையில் அழுத்தம் ஏறும். கசிய வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கசியும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள், மீன் எண்ணெய் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரலாம் (மருத்துவர் இதயத்துக்காகக் கொடுத்த ஆஸ்பிரினைத் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவரிடம் கேளுங்கள்).

பயிற்சியைத் தள்ளிப்போட மருத்துவர்கள் சொல்லும் இரண்டாவது காரணம், மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவிவிடும் என்பது. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் குழப்பமும் இருக்கிறது, சில நேரம் அநியாயமும் நடக்கிறது.

போட்டாக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் இந்த மருந்து பாட்டுலினம் நச்சு ஏ என்ற புரதம். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வராமல் தடுக்கிறது, அதனால் தசைக்குச் சுருங்கு என்ற கட்டளை போய்ச் சேருவதில்லை. அமெரிக்காவில் 1989இல் இதற்கு முதன்முதலில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான், புருவ நடுக் கோடுகளுக்கு 2002இல்தான் அனுமதி வந்தது. அதாவது இது முதலில் கண் மருத்துவரின் கையில் இருந்த மருந்து. இன்று ஃபேஷியல் செய்துகொள்வது போலச் சாதாரணமாகப் பேசப்படுவதால், மருந்துக்குச் சொல்ல வேண்டிய பின்கவனிப்பை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

சரி, ஓடினால் மருந்து பரவுமா? ஊசி போட்ட இடத்தைச் சுற்றி மருந்து கொஞ்சம் பரவுவது உண்மை. ஆனால் எவ்வளவு பரவும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை மருந்தின் அளவு, எவ்வளவு நீரில் கலந்தார்கள், எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் குத்தினார்கள் என்பவைதான். ஓடினால், குனிந்தால் மருந்து இடம் மாறிவிடும் என்பதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் குறைவு. அந்த விதி பெரும்பாலும் முன்னெச்சரிக்கையாலும் மருத்துவர்களின் அனுபவத்தாலும் வந்தது. அதனால்தான் ஒருவர் 4 மணி நேரம் என்கிறார், இன்னொருவர் 24 என்கிறார், வேறொருவர் 48 என்கிறார். பயிற்சியே கூடாது என்று இரண்டு வாரம் பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாரம் என்பது மருந்தின் முழுப் பலன் தெரிய ஆகும் காலம். இரண்டு மூன்று நாளில் தொடங்கி 14 நாள் வாக்கில் முழுதாகத் தெரியும், பிறகு மூன்று நான்கு மாதம் நிற்கும். அந்தக் கணக்கையும் பயிற்சிக் கணக்கையும் யாரோ ஒன்றாக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆதாரம் குறைவு என்றால் காத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். காத்திருங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஒரு நாள் பயிற்சியை விடுவதால் உடம்பு ஒன்றும் தளர்ந்துவிடாது, ரத்தக்கட்டும் வீக்கமும் குறையும் என்ற காரணம் ஒன்றே அதற்குப் போதும். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அண்ணிக்கு நடந்தது இதுதான். அவருக்கு நெற்றியில் ஊசி போட்ட ஒரு வாரத்தில் வலது இமை தாழ்ந்துவிட்டது. பதறிப்போய்ப் போட்ட இடத்துக்கே போனார். அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அன்று உடற்பயிற்சி செய்தீர்களா?" அவர் அன்று மாலை அரை மணி நேரம் மெதுவாக நடந்திருந்தார், அவ்வளவுதான். உடனே, அப்படியானால் உங்களால்தான் வந்தது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவரும் அதை நம்பி ஒரு மாதம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

இமை தாழ்வது எப்படி வருகிறது? மேல் இமையைத் தூக்கும் தசை ஒன்று உண்டு, புருவத்துக்குக் கீழே, கண்குழிக்குள் இருக்கிறது. புருவத்துக்கு மிக அருகில் ஊசி போட்டாலோ அதிக நீரில் கலந்து போட்டாலோ மருந்து அங்கே எட்டிவிடலாம். புருவ நடு ஊசிக்கு நடந்த சோதனைகளில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இமை தாழ்ந்ததாக அந்த மருந்தின் தகவல் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். தெரிந்த பக்கவிளைவு அது, மெதுவாக நடந்த ஒரு பெண்ணின் தலையில் கட்ட வேண்டிய விஷயம் இல்லை. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும், அதுவரை இமையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் கண் சொட்டு மருந்துகூட உண்டு, மருத்துவர் எழுதித் தருவார். இதை அண்ணிக்கு அன்றே சொல்லியிருந்தால் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் முடங்கியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகத்தை அசைக்கவே கூடாது என்று பயந்துகொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. ஒரு சிறிய ஆய்வில், ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் நெற்றியையும் புருவத்தையும் திரும்பத் திரும்பச் சுருக்கி விரித்தவர்களுக்கு மருந்து சுமார் ஒரு நாள் முன்னதாகவே வேலை செய்யத் தொடங்கியது. அப்புறம் எத்தனை மாதம் நின்றது என்பதில் வித்தியாசம் இல்லை. ஆக முகத் தசையை அசைப்பது வேறு, முகத்தைக் கையால் தேய்ப்பதும் அழுத்துவதும் வேறு. இரண்டாவதைத்தான் அன்று தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது முறை நான் வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் ஊசியை எடுப்பதற்கு முன்பே கேட்டார், "என்ன பயிற்சி செய்வீர்கள், எத்தனை மணிக்கு?" அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. காலையில் பயிற்சியை முடித்து, குளித்து, உடம்பு ஆறிய பிறகு மாலையில் ஊசிக்கு வரச் சொன்னார். மறுநாள் மாலைவரை ஓய்வாக இருக்கச் சொன்னார். இவ்வளவு சுலபமான ஏற்பாட்டை நான் முதல் முறை யோசிக்கவே இல்லை. ஊசி போட்ட முதல் நான்கு மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்கச் சொன்னார், நிதானமாக நடப்பதற்குத் தடையில்லை என்றார். 24 மணி நேரம் ஓட்டம், எடை, வேகமான சைக்கிள், நீராவி அறை எதுவும் வேண்டாம் என்றார். மதுவும் அன்று வேண்டாம். மறுநாள் மாலை கண்ணாடியில் பார்த்து, வீக்கமோ புதிய காயமோ இல்லையென்றால் பாதி வேகத்தில் தொடங்கி, அதற்கடுத்த நாள் முழுதாகச் செய்யலாம். காயம் இருந்தால் அது மங்கும்வரை மூச்சைப் பிடித்துத் தூக்கும் எடைகளை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னார்.

அவர் சொன்னதில் நான் எதிர்பார்க்காதவை சில இருந்தன. யோகா மென்மையானது என்று நினைத்து அன்றே செய்பவர்கள் உண்டு, ஆனால் சிரசாசனமும் சர்வாங்காசனமும் தலைக்கு ரத்தத்தை இறக்குபவை, அவற்றையும் ஒரு நாள் விட வேண்டும். நீச்சல்காரர்கள் தண்ணீரைப் பற்றித்தான் யோசிப்பார்கள், உண்மையில் கவனிக்க வேண்டியது கண்ணைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் நீச்சல் கண்ணாடியை, அது அமுக்கும் இடமும் ஊசி குத்திய இடமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். நெற்றியை இறுக்கும் பட்டை, தலைக்கவசம் இவையும் அப்படித்தான். பயிற்சிக்குப் பிறகு குப்புறப் படுத்துச் செய்துகொள்ளும் மசாஜில் முகம் முழுவதும் ஒரு வளையத்தில் அழுந்தியிருக்கும், அதையும் ஒத்திப்போட வேண்டும். வியர்வையைத் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தாடைத் தசைக்கோ கழுத்துக்கோ அக்குளில் வியர்வைக்கோ போட்டுக்கொள்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், போட்டவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே பில்லர் (முகத்தில் பள்ளமான இடங்களை நிரப்பப் போடும் ஊசி) போட்டிருந்தால் அது வேறு பொருள், வீக்கம் கூடுதலாக வரும், பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

உடலுழைப்பே தொழிலாக இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடன ஆசிரியர், உடற்பயிற்சிப் பயிற்சியாளர், நாள் முழுவதும் குனிந்து நோயாளிகளைத் தூக்கிவிடும் செவிலியர், சுமை ஏற்றி இறக்குபவர், இவர்களிடம் "இன்று ஜிம் வேண்டாம்" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் அவர்கள் ஜிம்முக்கே போவதில்லை. மறுநாள் விடுமுறை இருக்கிற மாதிரி பார்த்து நாள் குறிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன்.

பயிற்சியோடு சம்பந்தமே இல்லாத ஒரு எச்சரிக்கையையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. ஊசிக்குச் சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், உடம்பெங்கும் பலவீனம் வந்தால், எவ்வளவு அபூர்வமானாலும், போட்ட இடத்துக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தசைக்களைப்பு நோய் (மயஸ்தீனியா கிராவிஸ்) உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் ஊசி போடும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தக் கட்டுரையின் இணையப் பதிப்பில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள். அன்று நடக்கலாம், குனிந்து நிமிரும் சின்ன வேலைகள் செய்யலாம், வியர்க்க வைக்கும் பயிற்சியை 24 மணி நேரம் தள்ளிவையுங்கள், உங்கள் மருத்துவர் அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் காரணம் கேட்டு அவர் சொல்படி செய்யுங்கள் என்று இரண்டு வரி போட்டால் போதும். அடுத்த முறை தோல் மருத்துவர் யாரையாவது பேட்டி எடுத்தால், ஊசிக்கு வருபவர்களிடம் அவர்களுடைய பயிற்சி நேரத்தைக் கேட்கிறீர்களா, பின்கவனிப்பை எழுதிக் கொடுக்கிறீர்களா என்று என் சார்பில் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி