இந்த வருட அட்டையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்: பள்ளி மலர் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், தாளாளர்களுக்கும், ஆண்டு மலர் வேலை தலையில் விழுந்த ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்பவன் நான். ஆடிப் பெருக்கன்று, மாதிரிகள் அடங்கிய காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து மார்கழி வரை எங்களுக்கு வேறு நினைப்பே கிடையாது. அது ஓய்ந்ததும் பள்ளி மலர்கள் வரத் தொடங்கும். ஆண்டு விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது பென் டிரைவோடு வந்து நிற்பீர்கள். கட்டுரை, கவிதை, விடுகதை, வகுப்பு வாரியாகக் குழுப்படம், ஆண்டறிக்கை எல்லாம் அதில் இருக்கும். அட்டை மட்டும் இருக்காது. "நீங்களே பாத்து நல்லா ஒண்ணு போட்டுருங்க" என்பீர்கள்.

போட்டுவிடுவோம். எங்கள் கணினியில் அதற்கென்றே ஒரு மூட்டை இருக்கிறது. பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரண்டு கைகள், விரித்து வைத்த புத்தகம், இறகுப் பேனா, பறக்கும் புறா, பட்டமளிப்புத் தொப்பியை வானத்தில் வீசும் பிள்ளைகளின் நிழலுருவம். மூலையில் அப்துல் கலாம் சிரிப்பார். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சந்திரயானும் சேர்ந்துகொண்டது. பள்ளியின் பெயரை மாற்றினால் அட்டை ரெடி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் இதே உருண்டைதான் போயிருக்கும். உங்கள் பள்ளியில் யாரும் இறகுப் பேனாவால் எழுதியதில்லை. பிளஸ் டூ முடித்த யாரும் தொப்பியைத் தூக்கி வீசியதில்லை. கலாம் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் மலர் அவரைப் பற்றியது இல்லையே.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த வருட அட்டையைப் பிள்ளைகளே செய்யட்டும். படம் மட்டும் இல்லை. என்ன படம் என்று முடிவு செய்வது, மலரின் பெயரை எழுதுவது, எது எங்கே வர வேண்டும் என்று வைத்துப் பார்ப்பது எல்லாமே. முடிவான பிறகு பெரியவர்கள் அதை மாற்றக் கூடாது. இந்தக் கடைசி வரிக்காகத்தான் கடிதமே எழுதுகிறேன்.

ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரைந்த அட்டை வந்தது. மழை நாளில் சைக்கிள் ஸ்டாண்டு. அரசு கொடுத்த சைக்கிள்கள், எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் நனையாமலிருக்க ஒரு பை மாட்டியிருக்கிறது: துணிக்கடைப் பை, மளிகைக்கடைப் பை, உரச் சாக்கைக் கிழித்த துண்டு. அந்தப் பைகளை வைத்துத்தான் யார் சைக்கிள் எது என்று அந்தப் பள்ளியில் கண்டுபிடிப்பார்களாம். மாதிரிக்கு அடித்த ப்ரூஃபைப் பார்த்து ஓகே சொல்லியாயிற்று. அச்சுக்கான பிளேட் போடப்போகும் நேரத்தில் போன் வந்தது. சிறப்பு விருந்தினர் படமும் தாளாளர் படமும் அட்டையில் வந்தே ஆக வேண்டும் என்றார்கள். சைக்கிள் ஸ்டாண்டு உள்ளே எங்கோ ஒரு பக்கத்துக்கு, கறுப்பு வெள்ளையில், உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப் போனது.

பெரியவர்கள் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேப்பருக்கு, அதாவது மேலட்டைக்கு, நான்கு பக்கம் உண்டு. முன் அட்டைக்குப் பின்புறமே, திறந்தவுடன் தெரியும் உள் அட்டையில், வாழ்த்துச் செய்தியோடு அவர்கள் படத்தை முழு வண்ணத்தில் போடலாம். முன் அட்டையில் பாஸ்போர்ட் அளவில் மூன்று முகங்களை வரிசையாக ஒட்டுவதைவிட அது அவர்களுக்கும் கௌரவம்.

எதை வரைவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். "கல்வியின் பெருமை", "வளமான எதிர்காலம்" என்று தலைப்புக் கொடுத்தால் உருண்டைதான் திரும்பி வரும். இந்தப் பள்ளியில் மட்டும் இருப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். மணிக்குப் பதில் தொங்கும் தண்டவாளத் துண்டு. சத்துணவுக் கூடத்துக்கு வெளியே கழுவிக் கவிழ்த்த தட்டுகள். பிரேயரில் எப்போதும் கடைசியில் நிற்கும் ஒருவன். கேலியும் இருக்கலாம். ஆனந்த விகடன் அட்டையிலேயே சிரிப்புப் படம் போட்டு வந்த காலம் உண்டு. வாங்கியவர்கள் முதலில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பிள்ளைகள் உங்களைக் கொஞ்சம் கிண்டல் செய்து வரைந்தால் விட்டுவிடுங்கள் சார், ஊரே ரசிக்கும்.

எழுத்து விஷயம்தான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. மலரின் பெயரைக் கணினி எழுத்தில் போட்டு, பக்கவாட்டில் இழுத்து, பொன் நிறம் ஏற்றி, நிழல் வைத்து, விளிம்பில் ஒளிவட்டமும் கொடுத்துவிட்டால் அழகாகிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இழுத்த எழுத்தில் நிற்கும் கோடு தடித்துவிடும், படுத்த கோடு அப்படியே மெலிதாக நிற்கும். தமிழ் எழுத்தின் வளைவெல்லாம் நசுங்கிவிடும். அதற்குப் பதில் ஒரு பிள்ளையைத் தூரிகையாலோ, பட்டை நிப்பாலோ, தீக்குச்சியை மையில் தொட்டோ எழுதச் சொல்லலாம். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியை வரிசையாகக் கோட்டோவியங்களில் வரைந்த கே.எம். ஆதிமூலம், இதழ்களின் பெயர்களையும் நூல்களின் தலைப்புகளையும் கையால் எழுதிக் கொடுத்தவர். அச்சு எழுத்தின் ஒழுங்கு அதில் இருக்காது; கோடு நடுங்கும், தடிக்கும், சட்டென்று நிற்கும். தமிழ் அட்டைகள் அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆயின. உங்கள் பள்ளியில் கரும்பலகையில் தினமும் குறள் எழுதும் பிள்ளை யார் என்று பாருங்கள். வேலை பாதி முடிந்தது.

கணினி எழுத்துதான் வேண்டும் என்றால் காசு செலவில்லாமலே நல்லவை கிடைக்கின்றன. முக்த மலர், கட்டமரான், பாலூ தம்பி, அனெக் தமிழ், கவிவனார் எல்லாம் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசம், அச்சுக்கும் பயன்படுத்தலாம். ஓர் அட்டைக்கு ஓர் எழுத்துரு போதும், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் கொம்பைக் கவனியுங்கள். போட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடு தமிழை ஒட்டினால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுகொள்ளும். 'மேல்நிலை' என்ற சொல்லே உடைந்துபோய், பள்ளியின் பெயர் தப்பாக அச்சாகி வந்த அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வரும். அதனால்தான் "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்று நாங்கள் கெஞ்சுகிறோம். எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டால் எங்கே திறந்தாலும் அப்படியே இருக்கும்.

பெயரை மேலிருந்து கீழாக அடுக்கும் ஆசையும் பலருக்கு உண்டு. அடுக்கலாம். ஆனால் 'தே' என்பதைப் பிரித்து, இரட்டைக் கொம்பை ஒரு வரியிலும் 'த'வை அடுத்த வரியிலும் போடக் கூடாது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக ஒரு வரியில் நிறுத்தினால் அதுவும் அனாதையாகத் தெரியும். இரண்டு வரித் தலைப்பென்றால் மேல்வரியின் 'கு', 'மு' கீழே இறங்கும், கீழ்வரியின் 'கி', 'தி' மேலே ஏறும். ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி தமிழுக்குப் போதாது.

பெயர் உச்சியில்தான் வர வேண்டுமா? கடையில் விற்கும் இதழுக்கு ஆம். பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடும்போது மேல் பகுதிதான் கண்ணில் படும், மற்றது அடுத்த இதழுக்குப் பின்னால் மறைந்துவிடும். பள்ளி மலர் எந்தக் கடையிலும் தொங்கப்போவதில்லை. மேலே, கீழே, நடுவில், படத்தில் வரும் சுவரில் எழுதியதுபோல, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அந்த இடத்தை வருடா வருடம் மாற்றிக்கொண்டே இருக்காமல் இருந்தால், நூலகத்தில் வரிசையாக அடுக்கும்போது ஒரே குடும்பம் என்று தெரியும். அட்டையில் கட்டாயம் வேண்டியவை மலரின் பெயர், பள்ளியின் பெயர், கல்வியாண்டு, சின்னம். தொலைபேசி எண், மின்னஞ்சல், தேர்ச்சி விழுக்காடு, "சேர்க்கை நடைபெறுகிறது" எல்லாம் நோட்டீஸுக்கு உரியவை. மலருக்கு அவை எதற்கு?

சின்னம் என்றதும் ஒன்று. உங்கள் பள்ளிச் சின்னத்தை வைத்துக்கொள்ளுங்கள். அசோகர் தூணின் நாற்சிங்கத்தை அழகுக்காகப் போடாதீர்கள். அதை யார் எங்கே பயன்படுத்தலாம் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரையறுக்கிறது. கூகுளில் தேடினால் கிடைக்கும் படம் எல்லாம் எடுத்துப் போட்டுக்கொள்ள இலவசமும் இல்லை.

படம் வரையும் பிள்ளைகளுக்கு: நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் ஜிகினாப் பேனாவும், பொன், வெள்ளி நிற மையும் அச்சில் ஜொலிக்காது. எங்களிடம் இருப்பது நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை. அவற்றைக் கலந்து எடுக்கும் பொன் வெறும் காவி நிறமாகவும், வெள்ளி சாம்பலாகவும்தான் வரும். கண்ணைப் பறிக்கும் ஒளிர்பச்சையும் ஒளிர்சிவப்பும் மங்கிவிடும். போன் திரையில் தெரியும் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். பென்சிலால் மெல்லத் தேய்த்த நிழல் ஸ்கேனில் காணாமல் போகும். அழுத்தமாக, துணிந்து போடுங்கள். போஸ்டர் கலர், இந்திய மை, கத்தரித்து ஒட்டிய நிறத்தாள், கோலப்பொடி, பாதியாக வெட்டிய வெண்டைக்காயை மையில் தொட்டு வைத்த அச்சு எல்லாம் அருமையாக வரும். வரையும் முன்பு தீப்பெட்டி அளவில் பல மாதிரிகள் கிறுக்கிப் பாருங்கள். அந்த அளவிலேயே என்ன படம் என்று புரிந்தால் பெரிதாக்கினாலும் நிற்கும். மலரின் பெயருக்கு இடம் விட்டு வரையுங்கள். ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய படங்கள் அட்டைக்குச் சரிப்படாமல் போவது இதனால்தான். தாள் முழுக்க நிரப்பியிருப்பார்கள், பெயரைப் போட்டால் யாராவது ஒருவர் தலையில் விழும். உங்கள் பெயர், வகுப்பைப் படத்தின் பின்னால் எழுதுங்கள். பைக்குள் மடித்து வைக்காதீர்கள், மடிப்புக் கோடு அச்சில் வரும்.

மலர்க் குழு ஆசிரியருக்குச் சில அளவுகள். ஏ4 அட்டை என்றால் 210க்கு 297 மில்லிமீட்டர். கட்டிங்குக்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். எழுத்தும் முகமும் வெட்டு ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளியே இருக்கட்டும். ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது ஏ4க்குச் சுமார் 2480க்கு 3508 பிக்சல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நடுவில் மடித்துப் பின் அடிக்கும் சென்டர் பின் என்றால் உள் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். முதுகில் பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் என்றால் முதுகு எவ்வளவு தடிமன் என்று எங்களைக் கேட்டுவிட்டு அட்டையை அமையுங்கள். முன்னும் பின்னும் சேர்ந்து ஒரே படமாக ஓடினால் இன்னும் நன்றாக இருக்கும், யாரும் கேட்பதே இல்லை. பணம் குறைவு என்றால் நிறத்தாளில் ஒரே கறுப்பு மையில் அடிக்கலாம். நல்ல கோட்டோவியம் என்றால் நான்கு வண்ண உருண்டையை அது தோற்கடிக்கும்.

இப்போது புதிதாக ஒன்று வருகிறது. செயற்கை நுண்ணறிவில் போட்ட படம். பளபளவென்று இருக்கும், பிள்ளைகள் எல்லோரும் ஒரே முகம், ஒரே சிரிப்பு, ஒருவனுக்கு ஆறு விரல். பின்னால் இருக்கும் கரும்பலகையில் தமிழ் மாதிரி ஏதோ சுழித்திருக்கும், படிக்க முடியாது. தமிழ்ப் பள்ளி மலரின் அட்டையில் தமிழ் இல்லாத தமிழா? பள்ளிக் கல்வித் துறையே 2022இல் மாணவர்களுக்காக ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் தொடங்கிப் பிள்ளைகளின் எழுத்துக்கும் படத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது. வரைய ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உள் அட்டையில் "அட்டை ஓவியம்", "தலைப்பு எழுத்து" என்று போட்டு அந்தப் பிள்ளைகளின் பெயரையும் வகுப்பையும் அச்சிடுங்கள். எங்கள் அச்சகத்தின் பெயர் கடைசிப் பக்கத்தில் சின்னதாக இருந்தால் போதும். பொங்கலுக்கு முன்பே அட்டையைக் கொண்டு வாருங்கள். வரும்போது வரைந்த பிள்ளையையும் அழைத்து வாருங்கள். ப்ரூஃபில் நிறத்தைப் பார்த்து "இது நான் போட்ட பச்சை இல்ல அண்ணே" என்று சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைக்குத்தான். சரி என்று தோன்றினால் ப்ரூஃபில் கையெழுத்தும் அதுவே போடட்டும். அதற்குப் பிறகு யார் போன் செய்தாலும் பிளேட்டை மாற்ற மாட்டேன் என்று எங்கள் முதலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

அன்புடன்,
ஓர் அச்சக வடிவமைப்பாளன்