ஜப்பானுக்குச் சிறுவர் பாடகர் குழுவோடு கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வியன்னாவிலிருந்து 25 பையன்களோடு பொறுப்பாளனாகப் போகிறாய். பத்து வயதிலிருந்து பதினான்கு வரை இருக்கிற பிள்ளைகள். பாட்டை இசைநடத்துநர் பார்த்துக்கொள்வார். மாலை 7 மணிக்குப் பாடுவதற்கு அவர்கள் தொண்டையில் குரல் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது உன் வேலை. பையன்களின் குரல் மேடையில் கெடுவதைவிடப் பேருந்தில்தான் அதிகம் கெடுகிறது.

1911இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறான். இஞ்சின் சத்தத்துக்கு மேல் ஒருவன் பேசுவான், அவனுக்கு மேல் அடுத்தவன் பேசுவான். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது எல்லாருக்கும் தொண்டை கரகரத்திருக்கும். ‘கத்தாதே’ என்று நீயும் கத்தினால் இரைச்சல்தான் கூடும். பக்கத்து இருக்கைக்காரனோடு மட்டும் பேசலாம், வரிசை தாண்டிப் பேசக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு. புத்தகம், சீட்டுக்கட்டு, சதுரங்கம் எல்லாம் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

காலையில் எழுப்பும்போதே ஒவ்வொருவனையும் நாலு வார்த்தை பேசவைத்துக் கேள். முந்தின நாளைவிடக் கரகரப்பு இருந்தால் இசைநடத்துநரிடம் அப்போதே சொல். மாலையில் தனிப்பாட்டுக்கு ஆள் மாற்ற அவருக்கு அவகாசம் வேண்டும். வியன்னா நேரத்தைவிட ஜப்பான் கோடையில் 7 மணி, குளிர்காலத்தில் 8 மணி முன்னால் ஓடுகிறது. முதல் சில நாள் விடியற்காலை 3 மணிக்கே பாதிப் பேர் விழித்துக் கிடப்பார்கள். அதனால் மதியம் ஒரு மணி நேரத் தூக்கம் கட்டாயம். அதற்கு மேல் விடாதே, ராத்திரித் தூக்கம் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் பலரும் தப்புச் செய்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் குரல்நாண் மேல் படுவதே இல்லை, உணவுக்குழாய் வழியாக நேரே வயிற்றுக்குப் போகிறது. உடம்பு முழுவதும் ஊறிய பிறகுதான் குரல்நாணுக்கும் ஈரம் சேரும். மேடையேறுமுன் அரை பாட்டில் குடித்தால் கழிப்பறைக்குத்தான் ஓடுவான். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். மேற்கத்திய இசையின் நடு ‘ஏ’ ஸ்வரத்தில் குரல்நாண்கள் விநாடிக்கு 440 முறை மோதுகின்றன, மேல் ‘சி’யில் 1,046 முறை. காய்ந்த தொண்டை இதைத் தாங்காது.

ஊர் மாறும் நாள்தான் கஷ்டமான நாள். ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயில் இடை நிலையங்களில் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான் நிற்கும். 25 பேரும் பெட்டிகளும் அதற்குள் ஏற முடியாது. பெரிய பெட்டிகளை முந்தின நாளே ‘டக்யூபின்’ சேவையில் அடுத்த ஓட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். பெட்டி பொதுவாக மறுநாள்தான் வந்து சேரும். ஆகவே மேடைச் சீருடை, காலணி, மருந்து மூன்றும் ஒருபோதும் அதில் போகக் கூடாது. நடைமேடையில் இரண்டு கதவுகளுக்கு நேராக இரண்டு வரிசை நிறுத்து. தலையை எண்ணாதே. ஒவ்வொருவனுக்கும் ஓர் எண் கொடுத்து, ஒன்றிலிருந்து 25 வரை அவர்களே சொல்லட்டும். 17 சத்தம் வரவில்லை என்றால் யார் இல்லை என்பது அந்த நொடியே தெரியும். தலையை எண்ணினால் 24 என்று மட்டும்தான் தெரியும்.

மருந்துப் பையைக் கிளம்புமுன் பிரித்துப் பார். ஆம்ஃபெட்டமின் கலந்த கவனக்குறைபாட்டு மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிற சளி மருந்துக்கும் தடை உண்டு. ஒவ்வாமை உள்ள பையனுக்குச் சாப்பாட்டை மட்டும் விசாரித்தால் போதாது. பக்வீட் தானியத்தில் சோபா நூடுல்ஸ் செய்கிறார்கள், அதன் உமியைத் தலையணைக்குள்ளும் திணிக்கிறார்கள். அந்த ஒவ்வாமை இருப்பவனுக்கு வேறு தலையணை கேட்டு வாங்கு.

அரங்குக்கு 5 மணிக்குப் போய்விட வேண்டும். லேசான சாப்பாடு அதற்கு முன்பே முடியட்டும். ‘ம்ம்ம்’ என்று முனகுவதும், உதட்டைப் படபடக்கவிட்டு மேலும் கீழும் போவதுமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் குரலைச் சூடேற்றுவார்கள். காலி அரங்கில் ஒத்திகை பார்க்கும்போது குரல் நன்றாகச் சுழன்று வரும். ஆட்கள் நிறைந்ததும் அவர்களின் உடையும் உடம்பும் ஒலியை உறிஞ்சிவிடும். தன் குரல் தனக்கே கேட்கவில்லையே என்று பையன் அழுத்திப் பாட ஆரம்பிப்பான். டோக்கியோவின் சன்டோரி அரங்கில் 2,006 இருக்கைகள். பையன் கத்தாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் அரங்கு அது. உள்ளே போகுமுன் இதை அவர்களிடம் சொல்.

மேடையில் நான் மிகவும் அஞ்சுவது மயக்கத்தைத்தான். முட்டியை விறைத்து நின்றால் கெண்டைக்கால் தசை அசையாது, ரத்தம் காலிலேயே தேங்கிவிடும். மேலே விளக்குச் சூடு, வயிறும் காலி என்றால் ஒருவன் சாய்வான். அதற்கு முன் கொட்டாவி, வெளிறிய முகம், மேலுதட்டில் வியர்வை, லேசான ஆட்டம் தெரியும். மேடை ஓரத்தில் நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டே இரு. தலை சுற்றினால் தான் நிற்கிற படிக்கட்டிலேயே உட்கார வேண்டும், நடந்து வெளியே வரப் பார்க்கக் கூடாது. படிமேடையிலிருந்து விழுந்தால் அடி பலமாகப்படும். பக்கத்தில் நிற்கிறவன் பாட்டை நிறுத்த வேண்டாம், நீ போய்த் தூக்கு. படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடி.

மூத்த பையன் ஒருவனுக்காவது பயணத்தின் நடுவில் மகரக்கட்டு வரும், அதாவது பருவ வயதில் குரல் உடையும். மேல் ஸ்வரத்தில் காற்று மட்டும் வரும், பேச்சு தடிக்கும். இசையமைப்பாளர் ஹைடன் வியன்னாவின் புனித ஸ்டீபன் தேவாலயத்தில் சிறுவனாகப் பாடியவர். குரல் உடைந்ததும் 1749இல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நம்மூர் பாய்ஸ் கம்பெனி நாடகங்களிலும் மகரக்கட்டு வந்த பையன் பாட்டு வேடத்தை இழந்தான். பையனுக்கு அது பெரிய துக்கம். மற்றவர்கள் முன்னால் பேசாதே, தனியே கூப்பிட்டுச் சொல். கீழ்க்குரல் வரிசைக்கு மாற்றுவதா என்பதை இசைநடத்துநர் முடிவு செய்யட்டும்.

ஒன்ஸ்மோரும் கையெழுத்தும் முடிய 9.30 ஆகிவிடும். வியன்னாவில் அப்போது பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. வீட்டுக்குப் பேசவேண்டியவர்களை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பேசவைத்துவிடு. அம்மா குரலைக் கேட்டுவிட்டு நேரே படுக்கைக்குப் போகிற பையன் அழுவான், பேசிவிட்டு நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன் தூங்கிவிடுவான். அவர்கள் தூங்கிய பிறகு 25 சீருடையையும் எண்ணித் தொங்கவிடு.

அன்புடன்,
அண்ணன்