ரோபஸ்பியருக்கும் நெப்போலியனுக்கும் நடுவே காணாமல் போன பத்து ஆண்டுகள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதும் பெருமக்களுக்கும் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பிரெஞ்சுப் புரட்சியை நம் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டிருப்பீர்கள். காலியான கஜானா, ரொட்டி விலை, மூன்று வர்க்கங்கள், 1789 ஜூலை 14, மனித உரிமைப் பிரகடனம், கில்லட்டின், பயங்கர ஆட்சியை நடத்திய ரோபஸ்பியரின் முடிவு என்று மூச்சு விடாமல் வந்து, "பிறகு நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார்" என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. 1793 ஜனவரியில் அரசனின் தலையை வெட்டிய நாடு, 1804இல் ஒரு பேரரசருக்கு முடிசூட்டுகிறது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதற்கு 'கைப்பற்றினார்' என்ற ஒற்றை வினைச்சொல் பதிலாகுமா?

காரணங்கள் பகுதியில் எனக்குப் பெரிய குறையில்லை. அமெரிக்கப் போருக்குச் செய்த செலவு, வருவாயில் ஏறக்குறைய பாதியை விழுங்கிய கடன் தவணைகள், 1788இன் விளைச்சல் நாசம், 1614க்குப் பிறகு கூட்டப்படாமலே இருந்த ஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற மூன்று வர்க்கப் பேரவை ஆகியவை ஓரளவு சரியாகவே சொல்லப்படுகின்றன. (அரசி கேக் தின்னச் சொன்ன கதையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை.)

குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. 1794 ஜூலை 28இல் ரோபஸ்பியர் கொல்லப்பட்டதும் பாடநூல்கள் கொட்டாவி விட ஆரம்பிக்கின்றன. 'இயக்குநர் குழு ஆட்சி திறமையற்றது, ஊழல் நிறைந்தது' என்று இரண்டு வரி. ஆனால் அந்த ஆட்சி விழுந்ததற்கு ஊழல் மட்டும் காரணமல்ல. தேர்தலை நடத்திவிட்டு, பிடிக்காத முடிவு வந்தபோதெல்லாம் அதைத் தூக்கி எறிந்ததுதான் அதன் அடித்தளத்தையே அரித்தது.

1795இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. நாட்டை ஆள ஐந்து இயக்குநர்கள், சட்டம் இயற்ற இரண்டு அவைகள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கன்வென்ஷன் என்ற பழைய அவையின் உறுப்பினர்கள், புதிய அவைகளில் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் தங்களுக்கே கிடைக்க வேண்டும் என்று ஆணை போட்டுக்கொண்டார்கள். அதை எதிர்த்துப் பாரிசில் எழுந்த கலகத்தை 1795 அக்டோபர் 5ஆம் நாள் பீரங்கியால் அடக்கியவர்களில் முக்கியமானவர் 26 வயது அதிகாரி நெப்போலியன் போனபார்ட். அன்று அவர் நாடாளுமன்றத்தைக் காப்பாற்ற வந்தவர் என்பதைக் கவனியுங்கள்.

1797 தேர்தலில் முடியாட்சி ஆதரவாளர்கள் வென்றார்கள். செப்டம்பர் 4ஆம் நாள் பாரிசை ராணுவம் சூழ்ந்துகொண்டது. 49 மாவட்டங்களின் தேர்தல் முடிவு ரத்து செய்யப்பட்டது. இரண்டு இயக்குநர்கள் பதவியிழந்தார்கள். அடுத்த ஆண்டு இடதுசாரிகள் நிறைய இடங்களைப் பிடித்தார்கள். இம்முறை நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் தேர்வு செல்லாது என்று சட்டம் போட்டார்கள். குடியரசைக் காப்பதற்காகவே இதையெல்லாம் செய்வதாகச் சொல்லிக்கொண்டார்கள். வாக்காளர் என்ன கற்றிருப்பார்?

1799 நவம்பர் 9, 10 ஆகிய இரு நாட்களும் ஒரு தனிப் பாடத்துக்கு உரியவை. திட்டம் தீட்டியவர் சியேஸ். மூன்றாம் வர்க்கம் என்பது என்ன என்று கேட்டு 1789இல் நாட்டையே உசுப்பிய அதே பாதிரியார், இப்போது இயக்குநராக இருந்துகொண்டு ஒரு தளபதியைத் தேடினார். ஜாகோபின்கள் என்ற தீவிரப் புரட்சியாளர்கள் சதி செய்கிறார்கள் என்று புரளி கிளப்பி, அவைகளை நகருக்கு வெளியே செயின்ட் கிளவுட் அரண்மனைக்கு மாற்றினார்கள். அங்கே இரு அவைகளில் ஒன்றான ஐந்நூற்றுவர் அவைக்குள் நுழைந்த நெப்போலியனை உறுப்பினர்கள் சூழ்ந்துகொண்டு, 'சட்ட விரோதி' என்று முழங்கித் தள்ளினார்கள். அவர் தடுமாறி வெளியேறினார். காரியத்தை முடித்தவர் அவருடைய தம்பி லூசியன். அவர்தான் அந்த அவையின் தலைவர்! கத்தியோடு நிற்கும் சிலர் அவையை மிரட்டுவதாக வாசலில் நின்ற வீரர்களிடம் அவர் சொல்ல, படை உள்ளே புகுந்தது. உறுப்பினர்கள் ஜன்னல் வழியே குதித்து ஓடினார்கள். அன்றிரவே கையில் கிடைத்த சிலரைத் திரும்பக் கூட்டிவந்து, நெப்போலியன் உட்பட மூன்று கான்சல்களை (ஆட்சித் தலைவர்களை) நியமித்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஜன்னல் வழியே விரட்டிய பிறகும் வாக்கெடுப்பு தேவைப்பட்டது பாருங்கள், அந்த இடத்தில் மாணவர்களை நிறுத்தி யோசிக்க வையுங்கள்.

பிறகு மக்கள் வாக்கெடுப்புகள். புதிய அரசியல் சட்டத்துக்கு ஆதரவு 30 லட்சம், எதிர்ப்பு 1,562 என்று 1800 பிப்ரவரியில் அறிவித்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ரகசிய வாக்கு கிடையாது. பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உண்மையில் விழுந்தவை சுமார் 15 லட்சம்தான் என்பதைப் பின்னாளில் ஆவணங்களைச் சோதித்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மீதியைச் சேர்த்தது உள்துறை அமைச்சகம். அமைச்சர் யார் என்று கேட்கிறீர்களா? அதே லூசியன். அந்த ஜனவரியில்தான் பாரிஸ் அரசியல் நாளிதழ்களில் 13ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மூடினார்கள்.

எல்லாமே மோசடி என்று எழுதிவிட்டால் அதுவும் பொய்யாகிவிடும். தேவாலய நிலங்களை ஏலத்தில் வாங்கிய விவசாயிக்கும் வணிகருக்கும் பழைய அரச குடும்பமான பூர்போன் வம்சம் திரும்பி வருமோ என்ற பயம் இருந்தது. காகிதப் பணம் மதிப்பிழந்து அவர்களைச் சுட்டிருந்தது. கான்சல் ஆட்சி போப்பாண்டவருடன் உடன்பாடு செய்தது, 1802இல் இங்கிலாந்தோடு சமாதானமும் கண்டது. ஓய்ந்துபோன மக்களுக்கு அது பெரிய நிம்மதி. அதே ஆண்டு வாழ்நாள் கான்சல் பதவிக்கு விழுந்த வாக்குகளில் உண்மையானவை ஏராளம்.

அதே 1802இன் இன்னொரு பக்கம் நம் நூல்களில் அநேகமாக இல்லை. 1794 பிப்ரவரி 4இல் குடியரசு ஒழித்த அடிமைமுறையை, மே 20 சட்டம் மார்த்தினிக் போன்ற தீவுகளில் தொடரச் செய்தது. குவாதலூப்பில் படையிறக்கி மீண்டும் கொண்டுவந்தார்கள். கரீபியன் காலனியான செயின்ட் டொமிங்கில் பிடிபட்ட கறுப்பினத் தலைவர் டூசான் லூவெர்த்தூர் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் 1803 ஏப்ரலில் இறந்தார். அடுத்த ஜனவரி முதல் நாளில் அந்தக் காலனி ஹைட்டி என்ற பெயரில் விடுதலை பெற்றது. மனித உரிமைப் பிரகடனத்தைப் பாரிசில் இருந்தவர்களைவிட அதிகமாக நம்பியவர்கள் அந்தக் கரும்புத் தோட்டத்து அடிமைகள்தான் என்பது என் கருத்து.

1804 மே 18 செனட் தீர்மானத்தின் முதல் பிரிவை அப்படியே பாடநூலில் அச்சிடுங்கள்: குடியரசின் அரசாங்கம், பிரெஞ்சு மக்களின் பேரரசர் என்ற பட்டம் பெறும் ஒரு பேரரசரிடம் ஒப்படைக்கப்படுகிறது. குடியரசு ஒழிந்ததாக யாரும் அறிவிக்கவே இல்லை. 1808 வரை நாணயத்தின் ஒரு பக்கம் 'பேரரசர் நெப்போலியன்', மறுபக்கம் 'பிரெஞ்சுக் குடியரசு'. மக்களிடம் கேட்டதும் பட்டத்தைப் பற்றி அல்ல, அது வம்சாவளியாகத் தொடரலாமா என்பதை மட்டுமே. எதிர்ப்பு வாக்கு சில ஆயிரம்.

ட்ரிபியூனேட் என்ற விவாத அவையில் எழுந்து எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருவர், லாசார் கார்னோ. பதினாறாம் லூயியின் மரணத்துக்கு வாக்களித்தவர், குடியரசின் படைகளைக் கட்டியெழுப்பியவர், 1797இல் பதவியிழந்த இயக்குநர்களில் ஒருவர். அதே லூயியின் மரணத்துக்கு வாக்களித்த இன்னொருவரான ஓவியர் டேவிட், நோட்ரடாம் முடிசூட்டு விழாவைப் பெரிய திரையில் தீட்டினார்; விழாவுக்கே வராத நெப்போலியனின் தாயாரையும் படத்தில் உட்காரவைத்தார். கார்னோவையும் டேவிட்டையும் அருகருகே வைத்தால் ஒரு வகுப்பு முழுக்க விவாதிக்கலாம்.

என் கோரிக்கை சிறியது. 1795 முதல் 1804 வரை நான்கு பக்கம் ஒதுக்குங்கள். வேண்டுமானால் வாட்டர்லூ போர் விவரங்களில் இரண்டு பக்கம் குறைத்துக்கொள்ளலாம். வினாத்தாளில் 'காரணங்களை விவரி' என்பதோடு, "1804இல் எதிர்த்து வாக்களித்தவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?" என்ற ஒரு கேள்வியையும் சேருங்கள். விடைக்குறிப்பில் ஒரே பதிலை எழுதிக் கொடுக்க முடியாது, திருத்துவோருக்குச் சிரமம்தான். அந்தச் சிரமத்துக்கு அவர்களைத் தயார் செய்யும் பொறுப்பும் உங்களுடையதே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்