அம்மாவிடம் தமிழில் கேளுங்கள்: மலையகத்தின் சுகாதாரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இன்று கணித ஆசிரியராகப் பணிபுரிபவன். எனக்கு ஓட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதில் சிரமம், ஒரே செயலில் பிடிவாதம், சத்தம் தாங்காமை போன்றவை சிறுவயது முதலே காணப்படும் நிலை) இருப்பது என் 44ஆவது வயதில் உறுதிசெய்யப்பட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, நான் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையில் இந்தச் சந்தேகம் எழுந்தது. அம்மாவை வரவழைத்து விசாரித்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த விசாரணை நடந்த விதத்தைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

ஓட்டிசத்தைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, உளநலக் கோளாறுகளைக் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறது; பிற்காலத்தில் பழகிக்கொண்ட நடத்தைகள் அவற்றை மறைத்துவிடக்கூடும் என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்கிறது. நாற்பது வயதுக்காரனை ஐந்து வயதில் பார்த்த சாட்சி பெரும்பாலும் அவனைப் பெற்றவள்தான். அவள் சொல்வது மருத்துவரின் காதில் எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது.

அன்று மருத்துவர் சிங்களத்தில் கேட்டார். அம்மாவுக்குக் கடைத்தெருச் சிங்களத்துக்கு மேல் தெரியாது என்பதால், அந்தப் பக்கமாகப் போன சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். இரண்டு மொழியும் தெரிந்த நான், திறந்திருந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். "பள்ளிக்கூடம் விட்டா நேரா மடுவத்துக்கு வந்துருவான் ஐயா. கொழுந்து நிறுக்கிற வரைக்கும் தராசுகிட்டயே நிப்பான். ராத்திரி படுத்துக்கிட்டு அத்தன பொம்பளைங்க கிலோவையும் வரிசையா சொல்லுவான். நடுவுல யாராச்சும் பேசிட்டா மொதல்ல இருந்து ஆரம்பிப்பான், நிறுத்தச் சொன்னா அழுவான்" என்றார் அம்மா; மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது, பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்பது மட்டும். தப்பு மேளத்தின் சத்தம் கேட்டால் நான் காதைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் ஓடியதையும், அதற்காகக் குறிசொல்லும் கோடாங்கியிடம் காட்டியதையும் சொன்னார். அது பயந்த சுபாவம் என்றாயிற்று. அந்த ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. தன் வேலையை விட்டுவிட்டு வந்து உதவினார்.

பிறகு ஓட்டிசத் தன்மைகளை அளவிடும் வினாத்தாள் ஒன்றை எனக்குத் தந்தார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட, 50 கூற்றுகள் கொண்ட தாள் அது. விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவதையே விரும்புவேன் என்பது அவற்றுள் ஒன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் (ஒற்றை அறை வீட்டில்) ஏழு பேராக வளர்ந்தவனுக்கு அந்த இரண்டுமே கிடையாது; தனியாக இருக்க வேண்டுமென்றால் ஆட்கள் போன பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் போய் உட்கார வேண்டும். வாகன இலக்கத் தகடுகளைக் கவனிப்பதுண்டா என்று இன்னொன்று. தோட்டத்துக்குள் வந்தவை தோட்ட நிர்வாகியான துரையின் ஜீப்பும் கொழுந்து லொறியும்தான். நான் கவனித்த இலக்கங்கள் தராசில் இருந்தன.

இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார்கள். அந்த ஆறு ஆண்டுகளும் என் களைப்புக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இப்போது இடைவேளையில் ஆசிரியர் அறையின் இரைச்சலை விட்டு, பாடநூல்கள் அடுக்கிய சின்ன அறையில் இருபது நிமிடம் இருந்துவிட்டு வருகிறேன். மாலையில் வீட்டாருடன் பேச எனக்குத் தெம்பு மிஞ்சுகிறது.

1988இன் 16ஆவது திருத்தத்துக்குப் பின், இலங்கை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை எங்களுக்குத் தந்திருக்கிறது. சிறுவயது வரலாற்றைக் கேட்கும் அறையில் அந்த உரிமை நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. தமிழ் பேசும் மருத்துவர் இல்லாத இடத்தில், என்ன கேட்கப்படுகிறது, ஏன் கேட்கப்படுகிறது என்று பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளராவது இருக்க வேண்டும். தாய் சொல்வதைச் சுருக்காமல் அப்படியே சொல்ல அவருக்குக் கற்பிக்க வேண்டும். வளர்ந்தவர்கள் எங்கே போய்க் கேட்பது என்பதையும் தோட்ட மருந்தகங்களில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். தாயைச் சாட்சிக்கு அழைக்க முடியாதவர்களும் எங்களில் பலர்: வீட்டு வேலைக்கென்று தாய் மத்திய கிழக்குக்குப் போனதால் அம்மாயியிடம் வளர்ந்தவர்கள், 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி சொந்தங்கள் இந்தியாவுக்குப் போய்விட்டவர்கள். என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மா இப்போது நீலகிரிக் கூடலூரில் இருக்கிறார். அத்தகையவர்களுக்கு, அடுத்த காம்பராக்காரரும் பழைய ஆசிரியரும் சொல்வதைத் தொலைபேசியிலாவது கேட்டுப் பதிவுசெய்யும் முறை தேவை.

இரண்டாவது முறை என்னைப் பார்த்த தமிழ் மருத்துவர், அம்மாவிடம் இரண்டு மணி நேரம் பேசினார். தராசைப் பற்றி மட்டும் மூன்று தடவை கேட்டார். மடுவம், தப்பு, பீலி, பெரட்டு (காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) என்று எங்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்துக்காட்டுகளைக் கொண்டு, அவர் கேட்ட விதத்தில் சில கேள்விகளை நான் ஒரு கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன். உங்களிடம் பயிற்சி பெறுபவர்களிடம் அதைத் தரத் தயார். அம்மாவுக்கு இப்போது 73 வயது. அவர்கள் கேட்டுப் பழகுவதற்கு வந்து உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்கிறார். திகதியை மட்டும் அறிவியுங்கள். கடிதம் தமிழில் இருந்தால் அவரே வாசித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்