உளவளத்துணை நோயாளருக்கு மட்டும் உரியதன்று

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உளநலம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், போரில் உறவுகளை இழந்தோர், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், தற்கொலை முயற்சி, போதைப்பொருள் ஆகியவற்றோடு அது நின்றுவிடுவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அவற்றின் முதன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் தாயின் பதற்றமும், நுண்நிதிக் கடன் தவணை நெருங்கும்போது கணவன் மனைவிக்கிடையே மூளும் சினமும், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கப் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவரின் வெறுமையும் உளநலம் சார்ந்தவையே. இத்தகைய அன்றாட உளச்சுமைகளுக்கும், பயிற்சி பெற்ற ஒருவருடன் அமர்ந்து பேசும் உளவளத்துணையும் உளச்சிகிச்சையும் பெரிதும் பயன்படும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வலியுறுத்த விரும்புகிறேன்.

நம்மவர்கள் கவலையைக் கவலை என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவதில்லை. தலையிடி, நெஞ்சு படபடப்பு, நித்திரையின்மை, உடம்பெல்லாம் உளைவு என்றே போகிறார்கள். இரத்தப் பரிசோதனையும் இதயத்துடிப்புப் பதிவும் சீராக இருப்பதாகச் சொல்லப்பட்ட பின்னரும் நோவு குறையாதபோது, அடுத்த மருத்துவரைத் தேடித் தனியார் வைத்தியசாலைக்குச் செல்கிறார்கள். அந்த நோவு பொய்யானதன்று. மனம் ஓயாமல் அச்சத்தில் இருக்கும்போது தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும், உறக்கம் கெடும். பணமும் நாட்களும் இவ்வாறு கரைந்த பின்னர்தான் சிலர் உளவளத்துணையாளரிடம் வந்து சேருகிறார்கள். பலர் வருவதே இல்லை.

அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியாமையே இந்தத் தயக்கத்துக்குப் பெருங் காரணம் எனக் கருதுகிறேன். அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் 1960களில் வளர்த்தெடுத்த, எண்ணங்களை ஆராய்ந்து திருத்தப் பழக்கும் அறிகைச் சிகிச்சையை அடியொற்றிய முறை இன்று உலகெங்கும் பரவலாகக் கையாளப்படுகிறது. வெளிநாட்டிலுள்ள மகன் இரண்டு நாட்களாகத் தொலைபேசியில் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘அவனுக்கு ஏதோ நடந்துவிட்டது’ என்ற எண்ணம் தாயின் மனத்தில் தானாக எழுகிறது, நெஞ்சு படபடக்கிறது, இரவு முழுவதும் விழித்திருந்து மீண்டும் மீண்டும் அழைப்பெடுக்கிறார், பதில் வராத ஒவ்வோர் அழைப்பும் அச்சத்தை மேலும் வளர்க்கிறது. சிகிச்சையாளர் அவரிடம் ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்வதில்லை. நிகழ்ந்தது என்ன, அப்போது எழுந்த எண்ணம் என்ன, அதனால் உண்டான உணர்வு என்ன என்று பிரித்து எழுதச் செய்து, அந்த எண்ணத்துக்குச் சான்று உண்டா, வேறு விளக்கம் இருக்கக்கூடுமா என்று அவரையே ஆராயப் பழக்குகிறார். அடுத்த சந்திப்புவரை வீட்டில் செய்துபார்க்கச் சிறு பயிற்சிகளும் தரப்படும். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட நேரம், ஆறு முதல் இருபது சந்திப்புகள் என்ற அளவில் இது அமையும். சிகிச்சை முடிந்த பின்னரும் அந்தப் பழக்கம் அவரிடமே தங்கிவிடுவதுதான் இதன் பெரும் பயன்.

இதற்குச் சொந்த பந்தம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. செத்தவீட்டில் ஒப்பாரி வைத்து அழவும், எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று ஊரே கூடித் துயரத்தில் பங்குகொள்ளவும் வழிசெய்த மரபு நம்முடையது. அதன் ஆற்றலை எவரும் மறுக்க முடியாது. ஆனால் 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வும் தொடர்ந்த புலம்பெயர்வும் அந்தக் கூட்டத்தைப் பல திசைகளில் சிதறடித்துவிட்டன. எஞ்சியுள்ள உறவினர்களோ அன்பின் மிகுதியாலேயே ‘உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இல்லையா’ என்று சொல்லி, பேச வந்தவரின் வாயை அடைத்துவிடுகிறார்கள். தீர்ப்புக் கூறாமல் முழுமையாகச் செவிமடுப்பதற்குப் பயிற்சி வேண்டும். மரபையும் சிகிச்சையையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதுமில்லை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், மூச்சுப்பயிற்சி, மந்திர உச்சாடனம், உடலைத் தளர்த்திப் படுத்திருக்கும் சாந்தியாசனம் போன்ற நமது பழக்கங்களை உளச்சிகிச்சையோடு இணைத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதியும் கற்பித்தும் வந்துள்ளார்.

உளவளத்துணை கடனை அடைக்காது; காணாமற்போன மகனை மீட்டுத் தராது. கடுமையான நோய்நிலைகளில் உளமருத்துவரும் மருந்தும் இன்றியமையாதவை. எடுத்துவரும் மருந்தை ஒருவர் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. ஆனால் இலேசான மனச்சோர்வுக்கு மருந்து தேவையில்லை என்பதும், உளவியற் சிகிச்சையே முதலில் நாடத்தக்கது என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாகும். அந்த இலேசான நிலையிலேயே உதவி பெறும் வாய்ப்பைத்தான் நாம் வெட்கத்தால் இழந்துகொண்டிருக்கிறோம்.

வெட்கம் என்பதைவிட, யாராவது கண்டுவிடுவார்கள் என்ற அச்சம் என்பதே பொருத்தமாகும். போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசிச் சேவையும் உண்டு. எனினும் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு தாய், அயலவர்கள் நிறைந்திருக்கும் செயலக மண்டபத்தின் ஒரு மூலையில் அமர்ந்து தன் மனத்தைத் திறப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பேசியது வெளியே போகாது என்ற உறுதியை அவருக்கு எழுத்திலும் நடைமுறையிலும் வழங்க வேண்டும்.

ஆகவே, உளவளத்துணைக்கெனக் கதவு மூடக்கூடிய தனியறையை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒதுக்கவும், வேலைக்குச் செல்வோரும் உயர்தர மாணவரும் வரக்கூடியவாறு மாலை நேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் இச்சேவையை நடத்தவும், துணையாளரின் சொந்தக் கிராமத்தவர் விரும்பினால் அயற்பிரதேசத்தில் சேவை பெற இடமளிக்கவும் வடமாகாண அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற துணையாளர்களைக் கொண்டு வாசகர்களின் ஐயங்களுக்கு விடையளிக்கும் பகுதியொன்றைப் பெயர் குறிப்பிடாமல் கேட்கும் வசதியுடன் தாங்கள் தொடங்கினால், நேரில் செல்லத் தயங்குவோர் பலருக்கு அது முதற்படியாக அமையும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை ஆசிரியை ஒருவர்,
மானிப்பாய்.